கவுச்சி கடல் தாண்டுவதில்லை

உறைந்த இறாலைக் கடல் கடந்து அனுப்பும் அட்டைப்பெட்டியின் மேல் சில சொற்கள் அச்சாகியிருக்கும். தலை நீக்கியது. ஓடு உரித்தது. குடல் எடுத்தது. வால் விட்டது. அவற்றின் கீழே நிகர எடை, பவுண்டுக்கு எத்தனை இறால் என்கிற எண், உறைய வைத்த முறை, நாள், ஆலையின் அனுமதி எண், மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்கச் சொல்லும் குறிப்பு. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நீக்கியது யார்? உரித்தது யார்?

தமிழ் இலக்கணம் படித்தவள் இந்தக் கேள்வியை எளிதில் விட்டுவிட முடியாது. ஒரு வினை எவற்றையெல்லாம் உணர்த்தும் என்று நன்னூல் ஆறு பொருள்களை எண்ணிச் சொல்கிறது. யார் செய்தது, எந்தக் கருவியால், எந்த இடத்தில், என்ன செயல், எந்தக் காலத்தில், எந்தப் பொருளின் மேல். அட்டைப்பெட்டியை இந்த ஆறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறைய வைத்த முறை இருக்கிறது; அது கருவி. அனுமதி எண் இருக்கிறது; அது இடம். உரித்தல் என்ற செயல் இருக்கிறது. நாள் இருக்கிறது. செய்பொருளாகிய இறால் இருக்கிறது. ஆறில் ஐந்து துல்லியமாக இருக்கின்றன. செய்தவர் மட்டும் இல்லை. நன்னூலாரும் அந்த இடத்தை ஆண்பாலில்தான் சொல்கிறார் என்பது வேறு செய்தி. இந்தியாவின் இறால் ஆலைகளில் தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகைக் கீறிக் குடல் இழுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

வாக்கியத்தில் சொல்லாமலேயே எழுவாய் புரிந்துவிடுவதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ‘வந்தாய்’ என்றால் ‘நீ’ என்பது விகுதியிலேயே தெரிந்துவிடும். ‘உரித்த இறால்’ என்ற தொடரில் அப்படி ஒரு விகுதிகூட இல்லை. பெயரெச்சம் செயப்படுபொருளைக் கொண்டு முடிந்துவிடுகிறது. இது தோன்றா எழுவாயைவிட ஒரு படி மேலான மறைவு. இந்தக் கட்டுரை அந்த மறைவைப் பற்றியது. அட்டைப்பெட்டியின் சொற்களையும், கடலும் மீனும் பெண்ணும் வரும் நம் இலக்கியப் பிரதிகள் சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கிறேன்.

1

கடலே இல்லாத திருப்பூரிலிருந்து இறாலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். திருப்பூரின் பனியன் பெட்டிகள் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் தெற்கே போய் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறுகின்றன. அதே துறைமுகத்துக்கு நாமக்கல் முட்டையும் தேனிப் பக்கத்து வாழைப்பழமும் கடற்கரை ஆலைகளின் உறைமீனும் குளிரூட்டிய கண்டெய்னர்களில் வந்து சேருகின்றன. துணிக்கு வெறும் இரும்புப் பெட்டி போதும். உணவுப் பெட்டியின் ஒரு முனையில் இயந்திரம் இருக்கும். சாலையில் ஜெனரேட்டரும் துறைமுகத்தில் மின்இணைப்பும் கப்பலில் மறுபடி மின்இணைப்புமாக அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டி எதையும் உறைய வைப்பதில்லை. ஆலையிலேயே உறைந்து வந்ததை அப்படியே வைத்திருப்பதுதான் அதன் வேலை. குளிர்ந்த காற்று தரையின் பள்ளங்கள் வழியே ஓடி, சரக்கினூடாக மேலேறி, மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. வாழைப்பழம் பறித்த பிறகும் உயிரோடு இருப்பது. அதற்கு 13, 14 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். அது மூச்சுவிடும் என்பதால் காற்று வந்துபோகச் சிறு திறப்பும் வைப்பார்கள். பெட்டிக்குள் வெப்பநிலை என்ன என்பதைக் கருவி ஒன்று பயணம் முழுக்கப் பதிந்துகொண்டே வரும். சில மணிநேரம் மாறியிருந்தாலும் அந்தப் பதிவைக் காட்டி வாங்குபவர் சரக்கை மறுக்கலாம், காப்பீடு கேட்கலாம்.

இந்த அக்கறையை நான் கேலி செய்யவில்லை. உண்ணும் பொருளுக்கு அது தேவை. ஆனால் ஐஸ் தண்ணீரில் ஷிப்ட் முழுக்கக் கை வைத்திருக்கும் பெண்ணின் விரல் என்ன வெப்பநிலையில் இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் அயர்ன் செக்‌ஷன் நினைவுக்கு வருகிறது. அங்கே நீராவி. துணிக்கு எத்தனை டிகிரி என்று பராமரிப்புச் சீட்டில் குறி போட்டிருக்கும். தேய்ப்பவருக்கு எத்தனை டிகிரி என்று எங்கும் எழுதியிருக்காது.

இரண்டு தொழில்களுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் உண்டு: ‘கவுண்ட்’. திருப்பூரில் முப்பதாம் கவுண்ட், நாற்பதாம் கவுண்ட் என்றால் நூலின் மென்மை. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்கிற கணக்கு அது. இறால் ஆலையிலும் கவுண்ட்தான். ஒரு பவுண்டில் எத்தனை இறால். எண் ஏற ஏற நூலும் நுண்மையாகும், இறாலும் சிறுக்கும். நூலுக்கு விலை கூடும், இறாலுக்குக் குறையும். இறால் சிறுத்தால் ஒரு கிலோவுக்கு உரிக்க வேண்டிய எண்ணிக்கை கூடும். கிலோக் கணக்கில் கூலி வாங்குபவளுக்கு அதன் பொருள் என்ன என்று எங்கள் ஊரில் பீஸ்ரேட்டுக்குத் தைக்கும் எந்தப் பெண்ணிடமும் விளக்க வேண்டியதில்லை.

2

நற்றிணையின் 45ஆம் பாடலை எல்லோரும் வகுப்பில் படித்திருப்போம். நெய்தல் நிலம். தேரில் வரும் செல்வர் வீட்டு மகன் பரதவர் பெண்ணை விரும்புகிறான். தோழி அவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள். நீ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள ஊரின் மகன். நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள். எங்கள் மேல் புலால் நாறும் என்கிறாள். உங்களோடு ஒப்பாகாத சிறுவாழ்க்கைதான், ஆனால் எங்களுக்குள்ளும் சிறந்தவர்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

இதைச் சேட்படுத்தல் துறை என்று மாணவிகள் தேர்வில் எழுதுவார்கள். தலைவனை விலக்குவதுபோல் சொல்லித் திருமணத்தை நோக்கி நகர்த்துவது அகமரபின் உத்தி. அதை மறந்து, ஏதோ ஒரு மீனவப் பெண்ணின் நேரடி வாக்குமூலம்போல் இப்பாடலை வாசிப்பது சரியாகாது. ஆனால் உத்திக்கு உள்ளேயும் ஒன்று நடக்கிறது. அறுத்தல், உணக்கல், ஓட்டல் என்னும் வினைகளுக்குச் செய்பவர் இருக்கிறார். அவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். நாற்றத்தையும் அவர் மறைப்பதில்லை. அது எங்களுடையது, பொறுக்காவிட்டால் போ என்கிற தொனி அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து மீன் நாற்றத்தை இவ்வளவு நிமிர்வோடு ஒரு பெண்குரல் சொல்லும் இடம் தமிழில் வேறில்லை.

மரபின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரைப் பெண்ணுக்கு இலக்கணம் ஒதுக்கிய மையச்செயல், போனவனை நினைத்து வருந்துவது. மீன் உணக்கலும் உப்பு விளைத்தலும் கருப்பொருளில் ‘செய்தி’ என்ற தலைப்பின் கீழே, தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அவளுடைய காத்திருப்பு கவிதையாகவும் அவளுடைய வேலை பின்னணியாகவும் பிரிவது அங்கே தொடங்குகிறது. நற்றிணை 45 அந்தப் பிரிவை ஒரு கணம் கலைத்துப்போடுகிறது. அதனால்தான் அதை முக்கியமான பாடல் என்கிறேன்.

அட்டைப்பெட்டியிடம் வருவோம். குளிர் செய்யும் முதல் காரியம் நாற்றத்தை நிறுத்துவது. மைனஸ் 18 டிகிரியில் இறாலுக்கு மணம் இல்லை. வாரக்கணக்கில் கடலில் கிடந்து, வேறொரு கண்டத்தின் கடையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளையாகவும் சுத்தமாகவும் அடுக்கப்படும்போது அதற்கு ஊரும் இல்லை, கடலும் இல்லை. அதன் கவுச்சி எங்கே போயிற்று? உரித்தவளின் விரலிடுக்கிலும் முடியிலும் உடுப்பிலும் தங்கிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்துத் திரும்புவது அவளிடமிருந்து. பண்டமும் அதன் நாற்றமும் இதற்கு முன் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்ததில்லை. கருவாட்டை ஏற்றுமதி செய்த காலத்தில் நாற்றமும் சேர்ந்தே கப்பல் ஏறியது.

இதைத் திருப்பூர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். வெள்ளைவெளேர் என்று பனியன் கடல் தாண்டியது. சாயத் தண்ணீர் நொய்யலில் தங்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ அந்தத் தண்ணீரை நாவலாக்கியது. ஆறு கெட்டது என்பதை நம் இலக்கியம் பார்த்துவிட்டது. கை கெட்டது என்பதை அந்த அளவுக்கு இன்னும் பார்க்கவில்லை.

3

குளிர் கப்பலேறிய வரலாற்றில் ஒரு கட்டடம் நம்முடையது. இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பு, வட அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து பாஸ்டனிலிருந்து ஏற்றினார்கள். 1833இல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். வெள்ளையர்களின் பானத்துக்கும் காய்ச்சலுக்கும் பயன்பட்ட அந்தப் பனிக்கட்டி வணிகம், பனிக்கட்டியை இங்கேயே செய்யும் இயந்திரங்கள் வந்ததும் முடிந்துபோனது. பிறகு 1882இல் நியூசிலாந்திலிருந்து ‘டனீடின்’ என்ற கப்பல் உறைந்த ஆட்டிறைச்சியோடு லண்டன் போய்ச் சேர்ந்தது. காலனிகளின் இறைச்சியும் வெண்ணெயும் பழமும் ஐரோப்பிய உணவு மேசைக்குக் கெடாமல் போகும் வழி அதோடு திறந்தது.

விவேகானந்தர் தங்கிய இடம் என்பதால் ஐஸ் ஹவுஸை இன்று விவேகானந்தர் இல்லமாக அறிகிறோம். பெண்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு குடியிருப்பும் அதற்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சகோதரி சுப்பலட்சுமி பிராமண விதவைச் சிறுமிகளுக்காக நடத்திய விடுதி அந்தக் கட்டடத்தில் இருந்தது. அவரே குழந்தை விதவை. 1911இல் பட்டம் பெற்றவர். தலை மழித்து, உணவு குறைத்து, வெளியே தெரியாமல் ‘காத்து வைத்த’ பெண்களை அவர் பள்ளிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் கொண்டுபோனார். கெடாமல் பாதுகாத்தல் என்ற சொல் பண்டத்துக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே புழங்கிய சமூகத்தில், பனிக்கட்டிக் கிடங்கு விதவைகளின் பள்ளிக்கூட வீடாக மாறியது. வரலாறு தற்செயலாகச் செய்ததுதான் இது. ஆனாலும் பொருள் உள்ள தற்செயல். காத்து வைக்கும் இடத்திலிருந்து வெளியே போகும் வழி படிப்பு என்று அவர் கண்டார்.

4

இப்போது ‘செம்மீன்’. தகழியின் இந்த மலையாள நாவல் வெளிவந்த ஆண்டு 1956. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் தமிழ் நாவலாகவே ஏற்றுக்கொண்ட நூல் அது. செம்மீன் என்றால் இறால். ஆனால் இந்த நாவலை நாம் காதலாக, சாதி மதம் தாண்டிய ஏக்கமாக, கடலின் காவியமாக வாசித்தோம். தலைப்பில் இருக்கும் பண்டத்தை யாரும் பண்டமாக வாசிக்கவில்லை.

ஆண்டுகளைப் பாருங்கள். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து 1952இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் மீன்பிடிப்பை நவீனமாக்கும் திட்டம் அது. 1953இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. அதுவரை உலர்ந்த இறாலாக பர்மா போன்ற நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பண்டம் டாலர் பண்டமாக மாறியது அந்த ஆண்டுகளில்தான். தகழி நாவல் எழுதிக்கொண்டிருந்த அதே கடற்கரையில் செம்மீன் என்ற சொல்லின் விலை மாறிக்கொண்டிருந்தது.

நாவலின் மையத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் கணவன் பிழைப்பான். இல்லையென்றால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள். தாய் சக்கி மகள் கறுத்தம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தச் சட்டத்தை நாவலின் முடிவு உறுதிப்படுத்திவிடுகிறது என்று பெண்ணிய வாசிப்புகள் முன்பே சுட்டியிருக்கின்றன. நான் கூட்டிச் சொல்ல விரும்புவது இன்னொன்று. இந்தச் சட்டம் பெண்ணின் உழைப்பையும் மறைத்துவிடுகிறது. கூடை சுமந்து கிழக்கே போய் மீன் விற்றுவரும் சக்கி, சேமித்துச் சேமித்துத் தோணி வாங்கும் கனவில் கணவனுக்குச் சமமான பங்காளி. ஆனால் கடலோடு பெண்ணுக்குள்ள உறவு என்ன என்று நாவல் கேட்கும்போது பதிலாக வருவது அவளுடைய கூடை அல்ல, அவளுடைய கற்பு. நெய்தலின் இரங்கல் இங்கே தண்டனையாக முதிர்ந்துவிடுகிறது.

அந்தக் கூடைக்கு என்ன ஆயிற்று என்பதை மீன்பிடித் தொழிலின் வரலாறு சொல்கிறது. விசைப்படகும் ஐஸும் ஏற்றுமதியும் வந்த பிறகு, மீன் துறைமுகத்திலேயே ஏலத்தில் பெருவியாபாரிகளின் கைக்குப் போனது. கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கருவாடு காயவைத்தவர்களின் வேலை சுருங்கியது. விற்பவளாக இருந்தவள் உரிப்பவளாக ஆனாள். கையில் தராசும் விலை சொல்லும் நாக்கும் இருந்த இடத்தில் சிறு கத்தியும் கிலோக் கூலியும் வந்தன.

இதை வெறும் வீழ்ச்சிக் கதையாகச் சொன்னால் நியாயமாகாது. உரிக்கும் கொட்டகை பல பெண்களுக்கு முதன்முதலாகத் தன் பெயரில் வந்த கூலி. குடிக்கும் கணவனைச் சாராமல் பிள்ளையைப் படிக்கவைத்த கூலி. பனியன் கம்பெனியைப் பற்றியும் இதையேதான் என் மாணவிகளின் அம்மாக்கள் சொல்வார்கள். ‘கம்பெனி இல்லீன்னா நாங்க தோட்டத்துக் களையெடுப்புலயே கெடந்திருப்போமுங்க’ என்று சொல்பவர்களிடம் போய் நீங்கள் சுரண்டப்படுகிறீர்கள் என்று பாடம் எடுப்பது என் வேலையில்லை. அந்த வாக்கியத்தையும் அட்டைப்பெட்டியின் வாக்கியத்தையும் சேர்த்து வாசிப்பதுதான் என் வேலை. ஒன்றில் அவள் எழுவாயாக இருக்கிறாள். இன்னொன்றில் இல்லை.

5

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. ஆலைகளில் சுகாதாரம் போதாது என்பது காரணம். அதன் பிறகு தரக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. வீட்டுத் திண்ணையிலும் அக்கம்பக்கத்துக் கொட்டகையிலும் நடந்துவந்த உரிக்கும் வேலையை ஆலையின் சுவருக்குள், கண்காணிப்பின் கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்த விதிகள் பெண்ணுடலைப் பற்றி என்ன பேசுகின்றன என்று கவனியுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையல், மோதிரம், பூ, பொட்டு கூடாது. முடி முழுக்க மூடியிருக்க வேண்டும். கையைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். காயம் இருந்தால் வேலை இல்லை. உணவுச் சுகாதாரத்தின் பார்வையில் ஒவ்வொன்றும் நியாயம். பூ வைக்காமல் வேலை செய்வதால் ஒரு பெண்ணுக்கு எதுவும் குறைந்துவிடப் போவதும் இல்லை. ஆனால் வாக்கியத்தின் வடிவத்தை ‘செம்மீன்’ படித்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். கரையில் இருப்பவளின் தூய்மை குலைந்தால் கடலில் போவது அழியும். அன்று கடலில் போனது கணவன், இன்று கண்டெய்னர். கடலம்மாவின் இடத்தில் இப்போது இறக்குமதி நாட்டுச் சோதனைக்கூடம் இருக்கிறது. சங்கிலியில் எத்தனையோ கண்ணிகள்: குளத்துக்காரர் போட்ட மருந்து, லாரிக்காரர் அணைத்த ஜெனரேட்டர், துறைமுகத்தில் பிடுங்கிக் கிடந்த மின்கம்பி. அவற்றில் மிக எளிதாகச் சோதிக்க முடிவது, வரிசையில் நிற்க வைத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க முடிவது, அவளைத்தான்.

வாங்கும் நிறுவனங்கள் இப்போது பண்டத்தின் தடத்தைக் கேட்கின்றன. எந்தக் குஞ்சுப் பொரிப்பகம், எந்தக் குளம், எந்தத் தீவனம், எந்த நாள் அறுவடை என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். இறாலின் பிறப்பிடத்தை அறிய வழி இருக்கிறது. அதை உரித்த பெண் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவளா, முன்பணக் கடனில் வந்தவளா, அவளுக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்பது அந்தத் தடத்தில் இல்லை.

தூய்மைக்கும் விடுதிக்கும் உள்ள உறவையும் பேச வேண்டும். கேரளத்து இளம்பெண்களைக் குஜராத்தின் வேராவல் போன்ற இடங்களின் மீன் ஆலைகளுக்கு ஒப்பந்தக்காரர்கள் கூட்டிப்போய், ஆலையை ஒட்டிய இடத்திலேயே தங்கவைத்த கதை 1990களில் பேசப்பட்டது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் அதே காலத்தில் பரவியதுதான் சுமங்கலித் திட்டம். மூன்று ஆண்டு விடுதியில் இருந்து வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. கூலியைத் தாலியோடு முடிச்சுப் போட்ட இந்தப் பெயரைச் சூட்டியவர்களுக்குத் தமிழ்ச் சமூகத்தின் மனம் நன்றாகத் தெரிந்திருந்தது. ‘பிள்ளை பத்திரமாக இருக்கும்’ என்ற வாக்கியம் பெற்றோருக்குப் போதுமானதாக இருந்தது. வாழைப்பழப் பெட்டிக்குக் காற்றுத் திறப்பு எவ்வளவு என்று எழுதி ஒட்டுகிறார்கள். விடுதிக் கதவு வாரத்துக்கு எத்தனை முறை திறக்கும் என்பதை எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை.

6

நம் இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. 1979இல் வந்த இந்நாவல் தூத்துக்குடி உப்பளங்களுக்குள் போகிறது. பொன்னாச்சி என்ற பெண் அளத்துக்கு வேலைக்குப் போகிறாள். உப்பு அறுக்கும் உடல், வெடிக்கும் பாதம், கண்ணைக் கூசவைக்கும் வெண்மை, கூலி, கணக்குப்பிள்ளைகளின் கை ஆகியவற்றை நாவல் காட்சிகளாக எழுதிச் செல்கிறது. நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். கலைநயம் குறைவு, ஆவணத்தன்மை அதிகம் என்று அவரைத் தள்ளிவைத்த விமர்சகர்கள் உண்டு. உப்பு என்பது ஐஸுக்கு முந்தைய குளிர். மீனைக் காத்துத் தூர தேசம் அனுப்பிய முதல் பொருள். அதை விளைவிப்பவளை எழுவாயாக்கி ஒரு நாவல் முழுக்க வாக்கியங்கள் எழுதியதைவிடப் பெரிய கலைநயம் எனக்குத் தேவைப்படவில்லை.

களத்தில் இன்னொரு முன்மாதிரி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1990களில் நாகைப் பகுதியின் வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கியபோது, குடிநீர் உப்பாகி, நடவும் களையெடுப்பும் இல்லாமல் போன தலித் பெண்களைத் திரட்டி அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோரப் பகுதியின் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அவற்றுக்கு மறுபடி வழிவிட்டது. 2009க்குப் பிறகு, பசிபிக் கடலின் வெள்ளை இறாலான வனாமி வந்து குளங்களை நிறைத்தது. 2023-24இல் இந்தியக் கடலுணவு ஏற்றுமதியின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 40,013 கோடி. அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா.

அந்தக் கணக்கு முடிந்த 2024 மார்ச்சில்தான் அமெரிக்காவின் ‘கார்ப்பரேட் அக்கவுண்டபிலிட்டி லேப்’ என்ற அமைப்பு இந்திய இறால் தொழிலைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. ஆந்திரக் கடற்கரையின் கொட்டகைகளிலும் ஆலைகளிலும் பெண்கள் உரிக்கும் நிலைமையும், கடன் பிணைப்பும், விடுதிகளின் நெரிசலும் அதில் பதிவாயின. தொழில் தரப்பு அதை மறுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, முதலில் அடிபட்ட தொழில்களின் பட்டியலில் திருப்பூரின் பின்னலாடையும் கடற்கரையின் இறாலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்த நாள்களின் செய்திகளில் ‘ஏற்றுமதியாளர்கள் கவலை’, ‘ஆர்டர்கள் ரத்து’ போன்ற தலைப்புகளே அதிகம் கண்ணில் பட்டன. வாரத்தில் இரண்டு நாள் வேலை குறைந்தவள் அந்தத் தலைப்புகளுக்கு எழுவாய் ஆகவில்லை. ஒரே வரி ஒரே நாளில் தங்களைத் தாக்கியது என்பது பல்லடத்துத் தையல்காரிக்கும் தூத்துக்குடியில் இறால் உரிப்பவளுக்கும் பரஸ்பரம் தெரிந்திருக்க வழியும் இல்லை. அந்த வழியை எழுத்து உண்டாக்க முடியும் என்று நம்புகிறேன்.

நம்மிடம் நூற்பாலைப் பெண்ணைப் பற்றிய கவிதைகள் சில உண்டு. திருப்பூரைப் பற்றி எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ போன்ற நாவல்கள் உண்டு. கடலோடிகளின் வாழ்வைப் பெரும் பரப்பில் எழுதிய ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ உண்டு. குளிர் அறைக்குள் ஐஸில் கைவைத்து நிற்கும் பெண்ணின் தன்மை ஒருமையில் தொடங்கும் ஒரு தமிழ் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. அதை எழுதப்போகிறவள் எங்கள் கல்லூரி போன்ற ஒரு கல்லூரியில், மாலை ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அவள் வரும்வரை வகுப்பறையில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வினை உணர்த்தும் ஆறு பொருள்களை மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக, மாணவிகளிடம் அவரவர் வீட்டிலிருந்து ஓர் ஏற்றுமதிச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். பனியனின் கழுத்துச் சீட்டு, முட்டை அட்டை, பழப்பெட்டி ஸ்டிக்கர், எதுவானாலும் சரி. அதைத் தமிழாக்கி, ஆறு பொருள்களையும் தேடி அடிக்கோடிடட்டும். ஆறாவது கிடைக்காத இடத்தில் காலியாக ஒரு கோடு போட்டு, அங்கே யாருடைய பெயர் வர வேண்டும் என்று வீட்டில் கேட்டு எழுதிவரட்டும். சிலர் அம்மாவின் பெயரை எழுதுவார்கள். சிலர் தங்கள் பெயரையே எழுத வேண்டியிருக்கும்.